ஓடும் ஹைபிரிட் கார் திடீரென நின்றால்...

ஹைபிரிட் என்ற சொல் உழவர்களுக்குப் புதியதன்று. 1964-இல் சி.எஸ்.எச்.1 சோளமும், 1965-இல் எச்.பி.1 கம்பும் வந்த காலந்தொட்டு அது வயலில் புழங்கும் சொல்லாகும். இப்போது அதே பெயரில் காரும் வந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் விசையையும் மின் மோட்டாரின் விசையையும் தேவைக்கேற்பக் கலந்து ஓடும் காருக்கு ஹைபிரிட் கார் என்று பெயர். ஒட்டு ரகத்திற்குத் தனிப் பக்குவம் இருப்பது போலவே இதற்கும் உண்டு. சாதாக் காருக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்தால் பலிக்காது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாரா போன்ற முழு ஹைபிரிட் கார்கள் விற்பனைக்கு வந்துள்ளன. கிராமங்களிலும் இவற்றைக் காணலாம். எரிபொருள் செலவு குறைவு என்பது உண்மையே. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒரு நாள் சாலை நடுவே விசையிழந்து, விளக்குகள் பல ஒருசேர எரிந்து, நின்றுவிட்டால் என்ன செய்வது? கூடி நிற்பவர்களில் ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் என்பார். மற்றொருவர் பெரிய பாட்டரி போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவு என்பார். இன்னொருவர் பானெட்டைத் தூக்கிக் கம்பிகளை இழுத்துப் பார்க்கத் தொடங்குவார். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் பணம் போகலாம். மூன்றாமவரை விட்டுவைத்தால் உயிரே போகலாம். ஆகவே இந்தக் கார் ஏன் நிற்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இக்கட்டுரையில் டொயோட்டா பிரியஸ் காரையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கார் அது. பல ஆண்டுகள் பல நாடுகளில் ஓடியதால் அதன் கோளாறுகள் நன்கு ஆராயப்பட்டுள்ளன. மேலே சொன்ன இரு கார்களும் அதே முறையில் அமைந்தவையே.

இரண்டு பாட்டரி, ஒரு ஸ்டார்ட்டர்

இக்காரில் கிளட்ச் கிடையாது. எஞ்சினைச் சுழற்றிவிடும் தனி செல்ஃப் மோட்டார் கிடையாது. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரும் கிடையாது. இவற்றிற்குப் பதிலாக இரண்டு மின் மோட்டார்களும், அவற்றை எஞ்சினுடன் இணைக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் உள்ளன. ஒரு மோட்டார் எஞ்சினைக் கிளப்பிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது அதுவே மின்சாரமும் எடுத்துத் தருகிறது. மற்றொன்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

இதிலிருந்து விளங்க வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினைக் கிளப்பும் வேலையையும் உயர் அழுத்த மின்சாரமே செய்கிறது. அந்த மின்சாரம் துண்டிக்கப்பட்டால், தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தாலும் எஞ்சின் கிளம்பாது. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளம்பாது. பழைய ஜீப்பைத் தள்ளிக் கிளப்பிய பழக்கம் இங்கே உதவாது.

பாட்டரிகள் இரண்டு. ஒன்று எல்லாக் கார்களிலும் உள்ளது போன்ற 12 வோல்ட் பாட்டரி. மற்றொன்று உயர் அழுத்தப் பாட்டரி. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் இதன் அழுத்தம் 201.6 வோல்ட். மூன்றாம் தலைமுறையில், அதாவது 2009 முதல் வந்தவற்றில், இதையும் 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரமே 400 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் புரியும்.

பம்புசெட் ஸ்டார்ட்டரை நீங்கள் அறிவீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் நோ-வோல்ட் காயில் இழுத்துப் பிடித்து மின்சாரத்தை மோட்டாருக்கு விடுகிறது. காயிலுக்கு மின்சாரம் நின்றால் 'டக்'கென்று விட்டுவிடுகிறது. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் ஓவர்லோடு ரிலே தட்டிவிடுகிறது. ஹைபிரிட் காரிலும் இதே ஏற்பாடுதான். பெரிய பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. அவற்றின் காயிலுக்குச் சின்ன 12 வோல்ட் மின்சாரமே உயிர். ஓவர்லோடு ரிலேயின் வேலையைக் கணிப்பொறிகள் செய்கின்றன. அவை வெப்பம், அழுத்தம், மின்கசிவு, இணைப்பு ஆகியவற்றை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேனும் தவறு கண்டால் முதலில் விசையைக் குறைக்கும். நிலைமை மோசமானால் ரிலேயை விடுவிக்கும்.

ஆகவே ஹைபிரிட் கார் விசையிழப்பது பெரும்பாலும் அது தானாகவே தன்னை நிறுத்திக்கொள்வதாகும். ஸ்டார்ட்டர் தட்டிவிட்டது என்பதற்காக மோட்டார் எரிந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டுவதில்லை. முதலில் சப்ளையைப் பார்க்கிறோம், பியூஸைப் பார்க்கிறோம், பிறகுதான் மோட்டாரைக் கழற்றுகிறோம். அதே முறை இங்கும் பொருந்தும்.

ஒரு குறிப்பு: மாருதி நிறுவனம் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்ற பெயரில் விற்ற சியாஸ், எர்டிகா போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் உயர் அழுத்தப் பாட்டரி இல்லை. மோட்டார் சிறு துணை மட்டுமே. அவை நின்றால் சாதாக் காரைப் போலவே பார்க்கலாம்.

முதலில் சின்ன பாட்டரி

காலையில் சாவியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் 'ரெடி' என்ற விளக்கு எரிய வேண்டும். அது எரிந்தால்தான் கார் புறப்படத் தயார். எரியாமல், வேறு விளக்குகள் மங்கலாகவோ, கண் சிமிட்டியோ, வரிசையாகப் பத்தும் சேர்ந்தோ எரிந்தால் பலரும் பெரிய கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி 12 வோல்ட் பாட்டரியே. கணிப்பொறிகளுக்கு அழுத்தம் போதாதபோது ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டை எழுதி வைத்துவிடும். அவற்றையெல்லாம் நம்பிப் பொருள்களை மாற்றினால் செலவுக்கு எல்லை இராது.

இந்தப் பாட்டரி எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள். வண்டி கொட்டகையில் மூன்று, நான்கு வாரம் சும்மா நின்றால் கணிப்பொறிகளும் திருட்டுத் தடுப்பு அமைப்பும் அதை மெல்ல மெல்லக் குடித்துவிடும். வயல் வரப்போரம் காரை நிறுத்தி, 'ரெடி' இல்லாமல் ரேடியோவை மட்டும் பாடவிட்டாலும் அப்படியே. 'ரெடி' எரிந்தால்தான் பெரிய பாட்டரியிலிருந்து சின்ன பாட்டரிக்கு மின்சாரம் பாயும். எனவே அதிகம் ஓட்டாதவர்கள் வாரம் ஒரு முறையாவது காரை வெளியே எடுத்து அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டிவருவது நல்லது.

நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும், பாட்டரியைச் சோதிக்க. இரவு முழுதும் நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட் அளவு காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. 'ரெடி' எரியும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் பெரிய பாட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் மாற்றி வேலை செய்யவில்லை. அம்மாற்றி ஓட்டத்தில் பழுதானால் டாஷ்போர்டில் சிவப்புப் பாட்டரி விளக்கு எரியும். அதைப் பார்த்தும் ஊர் போய்ச் சேரலாம் என்று ஓட்டினால், சின்ன பாட்டரி காலியானதும் ரிலேக்கள் விடுபட்டுக் கார் முற்றிலும் நின்றுவிடும். இரவில், மேட்டில், லாரிகள் போகும் சாலையில் அப்படி நிற்பதைவிட, விளக்கு எரிந்தவுடன் நல்ல இடம் பார்த்து நாமே நிறுத்துவது மேல்.

பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சும், காரின் உடலோடு சேரும் எர்த் கம்பியின் தளர்வும் இதே கோளாறைத் தரும். ரெஞ்சால் அரைச் சுற்று முடுக்கியதில் தீர்ந்த கோளாறுகள் உண்டு.

பிரியஸ் போன்ற கார்களில் சின்ன பாட்டரி பின்புறம், ஆட்கள் அமரும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் நீர் ஊற்றத் தேவையில்லாத, வாயு வெளியேற ரப்பர்க் குழாய் வைத்த தனி வகைப் பாட்டரியைப் பொருத்துகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாப் பாட்டரியை அங்கு வைத்தால் அதன் வாயு அறைக்குள் தங்கும். மாற்றும்போது அதே வகையாகக் கேட்டு வாங்கி, குழாயையும் மறவாமல் மாட்ட வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இது. கிளம்பாத டிராக்டருக்கு ஹைபிரிட் காரிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பக் கூடாது. டிராக்டரின் செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் பல நூறு ஆம்பியர். இந்தச் சின்ன பாட்டரி அதற்காகச் செய்யப்பட்டதன்று. மாறாக, டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து காருக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பலாம். 24 வோல்ட் லாரியிலிருந்து கூடாது. சிவப்பு முனையைச் சிவப்புக்கும், கருப்பைக் காரின் வெற்று உலோகப் பகுதிக்கும் கொடுக்க வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் முதன்மைப் பியூஸ் ஒரு நொடியில் உருகும். கூடவே விலையுயர்ந்த மாற்றியும் பழுதாகலாம்.

பெரிய பாட்டரியின் மூச்சுத் துளை

பிரியஸ் காரின் பெரிய பாட்டரி ஒரே பாட்டரி அன்று. 1.2 வோல்ட் தரும் சிறு கலங்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் உள்ள ஒரு கட்டு. அத்தகைய 28 கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் 201.6 வோல்ட். மொத்தம் 168 கலங்கள். தொடராகக் கோத்திருப்பதால் ஒரு கட்டு நலிந்தாலும் முழுத் தொகுதியும் தள்ளாடும். ஏர் பூட்டிய ஜோடியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது எவ்வளவு வலுவாக இருந்தும் உழவு நடக்காதல்லவா!

கணிப்பொறி இவற்றை இரண்டிரண்டு கட்டாக அளந்து பார்க்கிறது. ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகுந்தால் சிவப்பு முக்கோண விளக்கை எரியவிட்டு, 'பி0ஏ80' என்ற குறியீட்டைப் பதிந்து வைக்கிறது. பெரிய பாட்டரித் தொகுதியை மாற்றுக என்பது இதன் பொருள். அந்நிலையில் கார் உடனே நிற்பதில்லை. முடுக்கினால் ஏறாது, மேட்டில் திணறும், விசிறி இரையும். முதல் தலைமுறைப் பிரியஸ் காரில் இதற்காகவே ஆமைப் படம் போட்ட விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளக்கூடிய எச்சரிக்கை அது. பின்னர் வந்த கார்களில் அதைக் காணோம்.

குறியீடு வந்ததும் பாட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. கட்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறினால் அழுத்தம் தவறாக அளக்கப்படும். பயிற்சி பெற்றவர் திறந்து தகடுகளைச் சுத்தம் செய்ததில் சரியான தொகுதிகளும் உண்டு. எனவே ஒவ்வொரு ஜோடியின் அழுத்தமும், நின்ற நிலையிலும் முடுக்கிய நிலையிலும் எவ்வளவு என்று கருவியில் பார்த்துக் காட்டும்படி கேளுங்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் தாழ்ந்திருக்கிறதா, எல்லாமே தளர்ந்துவிட்டனவா என்று அதில் தெரிந்துவிடும். கெட்ட கட்டை மட்டும் மாற்றித் தருவோரும் இருக்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் பழைய 27-உடன் புதியது ஒன்று ஒத்துப்போவதில்லை. அடுத்து நலிந்தது விரைவில் படுத்துவிடும். காரை விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

பாட்டரியைக் கெடுப்பதில் முதலிடம் வெப்பத்திற்கே. இதைக் குளிர்விக்க ஒரு விசிறி இருக்கிறது. அது காற்றை எடுப்பது காருக்குள்ளிருந்துதான். பிரியஸ் காரில் பின் இருக்கையின் பக்கவாட்டில் சல்லடை போன்ற துளை ஒன்று இருக்கும். பிற கார்களில் எங்கே என்பது கையேட்டில் போட்டிருக்கும். அந்தத் துளையை மூட்டையால் அடைத்தாலும், அதில் நாய் மயிர், பஞ்சு, வைக்கோல் தூசி ஏறினாலும் பாட்டரிக்கு மூச்சு முட்டும். பருத்தியும் கடலையும் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் வண்டியில் இது சீக்கிரமே அடைபடும். மாதம் ஒரு முறை துளையின் வாயைத் தூரிகையாலோ உறிஞ்சு கருவியாலோ துடைக்க வேண்டும். வலைத் தடுப்பு உள்ள மாதிரிகளில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். கோடையில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு ஓட்டுவது நமக்கு மட்டுமல்ல, பாட்டரிக்கும் இதமாகும்.

பின்புறம் உர மூட்டை, மருந்துத் தெளிப்பான், பால் கேன் ஏற்றுவதைத் தவிருங்கள். பிரியஸ் காரில் பாட்டரிகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. சிந்திய உரம் ஈரத்தை இழுத்து உப்பு நீராகிச் செப்பை அரிக்கும். கொட்டிய பாலோ மருந்துத் தண்ணீரோ உயர் அழுத்தப் பெட்டிக்குள் இறங்கினால் மின்கசிவு ஏற்படும்.

இன்வர்ட்டர் கற்றுத் தந்தது

பாட்டரியில் உள்ளது நேர் மின்சாரம். மோட்டாருக்கு வேண்டியது மும்முனை மாறு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக்கும் பெட்டியே இன்வர்ட்டர். அதற்குள் சுவிட்சு வேலை செய்பவை டிரான்சிஸ்டர்கள். ஒரு காலத்தில் நாம் ரேடியோப் பெட்டிக்கே பெயராக வழங்கிய அதே டிரான்சிஸ்டரின் பேரண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும் இவை மிகவும் சூடேறும். அதனால் இன்வர்ட்டருக்கென்று எஞ்சினிலிருந்து பிரிந்த தனிக் குளிர்நீர்த் தொட்டியும், தனி மின் பம்பும் உண்டு. எஞ்சின் குளிர்நீரை மட்டும் பார்த்துவிட்டு இத்தொட்டியை மறந்துவிடுவோர் பலர். பம்பு நின்றால் பெட்டி சூடேறி, விசை குறைந்து, கடைசியில் கார் நிற்கும். 'பி0ஏ93' என்ற குறியீடு இதைக் குறிக்கும். சிறிது ஆறவிட்டால் மறுபடி ஓடும், மீண்டும் நிற்கும். இப்படி ஓடி நின்று ஓடி நின்று போனால் முதலில் இந்தப் பம்பையே சந்தேகிக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் கதை இன்னும் பெரியது. பிரியஸ் காரில் ஓட்டத்தில் நின்றுபோகும் குறை முதன்முதல் பெரிதாகப் பேசப்பட்டது 2005-இல். 2004, 2005 மாதிரிக் கார்கள் திடீரென நிற்பதாக அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. கணிப்பொறிக்கு எழுதிய கட்டளைகளில் பிழை என்று கண்டு, அந்நாட்டில் மட்டும் சுமார் 75,000 கார்களின் உரிமையாளர்களுக்கு டொயோட்டா நிறுவனம் அறிவிப்பு அனுப்பியது. ஒரு கம்பியும் அறுபடவில்லை, ஒரு பொருளும் கெடவில்லை. கட்டளை தவறு, வண்டி நின்றது.

அடுத்து 2014 பிப்ரவரியில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பிரியஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வேகமெடுப்பது போன்ற பளுவான ஓட்டத்தில், அழுத்தத்தை உயர்த்தும் பகுதியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போகலாம் என்று தெரியவந்தது. டிரான்சிஸ்டரை மாற்றவில்லை, பளு குறையும்படி கட்டளையை மாற்றினார்கள். கெட்டாலும் கார் ஒரேயடியாக நிற்காமல், குறைந்த விசையில் ஓரம்போய்ச் சேரும் 'பாதுகாப்பு ஓட்டம்' கைகொடுக்கும் என்பதே எண்ணம்.

ஆனால் 2018 அக்டோபரில் அதே கார்கள் மறுபடி அழைக்கப்பட்டன. 2008 அக்டோபர் முதல் 2014 நவம்பர் வரை செய்யப்பட்ட பிரியஸ், ஆரிஸ் கார்கள், சுமார் 24 லட்சம். அரிதான சில நிலைகளில் அந்தப் பாதுகாப்பு ஓட்டத்திற்கு மாறாமல் கார் விசையை முற்றிலும் இழந்து நிற்கக்கூடும் என்று கண்டதே காரணம். முன்பு செய்த பரிகாரம் இந்த நிலையை எதிர்பார்த்திருக்கவில்லை. 2020 ஜூனில் பின்னைய ஆண்டுக் கார்கள் சுமார் ஏழரை லட்சம் இதே போன்ற காரணத்திற்காக அழைக்கப்பட்டன.

இதை நாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை சரிசெய்துவிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்கு ஏதேனும் அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று ஆண்டுக்கொரு முறை கேளுங்கள். குறை நிறுவனத்தினுடையது என்றால் வேலையும் இலவசமே. இந்த 2018 அறிவிப்பில் ஓட்டுநருக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் இருந்தது: விசை போனாலும் பிரேக்கும் ஸ்டியரிங் உதவியும் தொடர்ந்து வேலை செய்யும் என்பதே அது.

கம்பிகள்

உயர் அழுத்தக் கம்பிகள் யாவும் ஆரஞ்சு நிற உறை போட்டவை. வீட்டு மின்சாரம் போல் இது பூமியோடோ, காரின் உடலோடோ சேர்க்கப்படவில்லை, தனித்தே நிற்கிறது. எங்காவது உறை தேய்ந்து, ஈரம் ஏறி, உடலோடு சிறிது தொடர்பு ஏற்பட்டாலும் கணிப்பொறி கண்டு 'பி0ஏஏ6' என்று பதிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் இந்த விளக்கு எரிந்து, வெயில் வந்ததும் அணைந்தால், தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஈரம் இறங்கும் வழி அங்கேயே இருக்கிறது.

2018 செப்டம்பரில் சுமார் 10 லட்சம் கார்கள் கம்பிக்காகவே அழைக்கப்பட்டன. விசைக் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே கம்பிக் கற்றை அதன் மூடியில் உரசி உரசித் தேய்ந்து, குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பது குறை. தொழிற்சாலையில் பிறந்த தேய்மானம் அது. நம் கொட்டகையில் அதே வேலையை எலி செய்யும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவோர் பானெட்டைத் திறந்து, தொடாமல், எலிப் புழுக்கையும் கடித்த உறையும் உள்ளனவா என்று வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

சாலையில் நின்றுவிட்டால்

பதற வேண்டாம். பிரேக் பிடிக்கும். அபாய விளக்கைப் போட்டு, உருண்டுகொண்டிருக்கும்போதே இடப்பக்கம் ஒதுங்குங்கள். பிறகு 'பி' நிலைக்குக் கொண்டுவந்து, எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்று பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மெக்கானிக்குக் காட்ட உதவும். பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். பெட்ரோல் தீர்ந்தாலும் ஹைபிரிட் கார் பாட்டரியில் சிறிது தூரம் ஓடும். அதை நம்பி ஓட்டிப் பெரிய பாட்டரியையும் காலி செய்துவிட்டால், பிறகு பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுழற்ற விசை இராது.

காரை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு ஒரு முறை கிளப்பிப் பார்க்கலாம். 'ரெடி' வந்து, சூடோ புகை நாற்றமோ இல்லையென்றால் மெதுவாக ஓட்டி அருகிலுள்ள ஊரை அடையலாம். வராவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்திச் சின்ன பாட்டரியையும் காலி செய்ய வேண்டாம். 12 வோல்ட் பாட்டரியின் முனையைக் கழற்றிப் போடுவதும் வேண்டாம். சிலர் இதைக் கைமருந்துபோல் சொல்கிறார்கள். முனையைக் கழற்றினால் கணிப்பொறி பதிந்து வைத்த விவரங்கள் சில அழிந்துபோகும். பிறகு மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியதுதான்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துச் செல்வது நம் வழக்கம். இக்காருக்கு அது ஆகாது. முன் சக்கரங்கள் தரையில் உருண்டால் அவற்றோடு இணைந்த மோட்டாரும் சுழலும்; சுழலும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். பழுதான நிலையில் அது இன்வர்ட்டரை மேலும் கெடுக்கலாம், தீயும் பிடிக்கலாம். முன் சக்கரங்களைத் தூக்கியோ, தட்டு லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

ஆரஞ்சு நிறக் கம்பியையும் அது போய்ச் சேரும் பெட்டிகளையும் நீங்களும் தொடாதீர்கள், பயிற்சியில்லாத மெக்கானிக்கையும் தொடவிடாதீர்கள். எஞ்சின் சத்தம் இல்லை என்பதால் மின்சாரமும் இல்லை என்று எண்ணக் கூடாது. 'ரெடி' எரியும் வரை கார் உயிரோடுதான் இருக்கிறது. காரை அணைத்துப் பாதுகாப்புச் செருகியைக் கழற்றிய பிறகும் இன்வர்ட்டரிலுள்ள மின்தேக்கிகள் உயர் அழுத்தத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். பயிற்சி பெற்றவர்களே 1000 வோல்ட் தாங்கும் ரப்பர்க் கையுறை அணிந்து, பத்து நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்த பின்புதான் கை வைக்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்துக் கிளப்பிப் பார்ப்பதும் கூடவே கூடாது.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பழைய ஹைபிரிட் கார் வாங்கப் போகும்போது காலையில், வண்டி குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். குறியீடு படிக்கும் கருவியுடன் ஒருவரை அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவு வீண் போகாது. குறியீடு ஒன்றுமே இல்லை என்று கருவி சொன்னாலும் அத்துடன் விடாமல், பாட்டரி ஜோடிகளின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று மாலை அழித்த குறியீடு இன்று காலை தெரியாது; நலிந்த கட்டு மேட்டில் ஏறும்போது தெரிந்துவிடும். ஆகவே நால்வரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, ஒரு நீண்ட மேட்டில் ஏற்றிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். பின் இருக்கையோரத் துளையில் விரலைவிட்டுத் தூசியைப் பாருங்கள். பின்புறக் கம்பளத்தைத் தூக்கி ஈரமோ, துருவோ, உப்புப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் எண்ணைக் குறித்துவந்து, அழைப்பு வேலைகள் யாவும் முடிந்தனவா என்று கேட்டறிந்த பின் முன்பணம் கொடுக்கலாம்.